சிறுகுளத்துக் கட்டு



மூதூரில் நின்று நீரைப் பற்றிப் பேசுகிறவன் மாவிலாற்றை மறக்க முடியுமா? 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்த அணைக்கட்டின் கதவு மூடப்பட்டதும் மூண்ட போர், அடுத்த மாதமே தமிழரென்றும் முஸ்லிமென்றும் பாராமல் இவ்வூர்ச் சனங்களைக் கைக்குழந்தையும் மூட்டையுமாகத் தெருவில் நடக்க வைத்ததை நான் சொல்லித்தானா நீங்கள் அறியவேண்டும்?

ஆனால் நான் பேச வந்தது ஒரு சிறுகுளத்தைப் பற்றி. நாற்பதோ ஐம்பதோ ஏக்கருக்கு நீர் பாய்ச்சுகின்ற, ஒருவருடைய சொந்தக் காணியில் அவருடைய பாட்டனார் மண் சுமந்து கட்டிய குளம் அது. அந்தச் சொந்தக்காரர் இன்று நம்மிடையே இல்லை. பெயர் சொல்வதை அவர் விரும்பியவருமல்லர். மாரிக்கு முன்னே, புரட்டாசி விடியலில், மண்வெட்டியுடன் கட்டின்மேல் நடப்பார். எலி வளையைக் கண்டால் குச்சி விட்டு ஆழம் பார்த்து, வாயை அகல வெட்டி, நனைத்த களிமண்ணைச் சிறிது சிறிதாக இட்டுக் காலால் மிதித்து இறுக்குவார். முளைத்த மரக்கன்றை அன்றே பிடுங்குவார். மரம் செத்தால் வேர் உக்கும், வேர் உக்கிய வழியால் தண்ணீர் வரும் என்பார். கட்டின் அடியில் கசிகிற நீர் தெளிவாயிருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் அன்றிரவு அவருக்கு நித்திரையில்லை, ஏனெனில் அந்தக் கலங்கல் கட்டின் உள்மண் கரைவதற்குச் சாட்சி.

கட்டு உடைந்தால் என்னாகும் என்று கந்தளாயைக் கேளுங்கள்! ராஜாக்கள் கட்டி, அரசாங்கம் காத்த அந்த மகா குளமே 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியற்புறத்தில் உடைப்பெடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை உறக்கத்திலிருந்தபடியே அள்ளிச்சென்றதே!

நம் சிறுகுளத்துச் சொந்தக்காரர் காலமான பிறகு, மிகைநீர் வழியும் வானுக்குச் சமீபமாகக் கட்டு இடிந்தது. நாலு பேராக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "தனியார் குளம், பணம் ஒதுக்க விதியில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். குளம் தனியாருடையதாக இருக்கட்டும்; உடைத்து வரும் வெள்ளம் யாருடைய படலை என்று கேட்டுக்கொண்டா வரும்? அதன்கீழ் விதைக்கிற குத்தகைக்காரன் தனியாரா, அவன் பிள்ளைகள் தனியாரா?

குளம் கட்டிய மன்னன் குளக்கோட்டனின் பெருமையை மேடைக்கு மேடை முழங்குகின்ற பிரமுகர்களையும் கேட்கிறேன்: எந்தக் குளக்கட்டிலாவது ஒரு கடகம் மண் கொட்டியிருக்கிறீர்களா? அந்தக் கிழவர் எழுபது வயதிலும் கொட்டினார். கைதட்ட ஒருவருமில்லாத இடத்தில் கொட்டினார்.

ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. இடிந்த இடம் பத்து முழம். களிமண் குளத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அங்கே நிற்பேன். மண்வெட்டி உள்ளவர்கள் மண்வெட்டியோடும், இல்லாதவர்கள் கடகத்தோடும் வாருங்கள்.