பந்தியும் கல்லறையும்



விசுவாசத்தையும் சமூக நீதியையும் பற்றி உரையாற்றுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். தலைப்பு பெரிது, நாம் அதனுள் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது பந்தி.

கொரிந்து பட்டணத்துச் சபையில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு குடித்தனர், இல்லாதவர் பசித்திருந்தனர். இவ்வாறு கூடி உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அன்று எனப் பவுல் அப்போஸ்தலன் கடிந்து எழுதினார். பந்தி பிழைத்தது, ஆகவே வழிபாடும் பிழைத்தது.

இந்த உரைகல் நம் மண்ணிலும் ஒருமுறை எடுக்கப்பட்டது. எச்சாதியில் பிறந்த கிறிஸ்தவனோடும் உடனிருந்து உண்ண மறுப்பவனைச் சாதியை விட்டவனாகக் கருதலாகாது என்று, 1850இல் சென்னை மிஷனெரிமார் மாநாடு தீர்மானித்தது. லீப்சிக் லுத்தரன் மிஷன் அதற்கு உடன்படவில்லை. சாதி ஒரு சமுதாய வழக்கம், பொறுமையோடு கையாள வேண்டும் என்பது அவர்தம் வாதம். பொறுமை! யாருடைய பொறுமை என்று நாம் கேட்கலாமன்றோ?

இனி அரசின் பந்திக்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமையை மதத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அவ்வாசல் திறக்கப்பட்டது, கிறிஸ்தவர்க்குத் திறக்கப்படவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், இந்துக்களாகிய தம்மொத்த தொழிலாளர்க்கு இலவசமாக வழங்கப்பட்ட பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் சென்றார். ஞானஸ்நானம் அவர் உட்கார்ந்த இடத்தை மாற்றவில்லை, ஊசியையும் மாற்றவில்லை. எனினும், மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது.

ஆதாரமா இல்லை? திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பப்பட்டதை நாடறியும். கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென ஒப்புக்கொண்டது. அரசிடம் சமவுரிமை கோரி மனுவெழுதும் கை, கல்லறைச் சுவரைத் தொடத் தயங்குவதை என்னென்பது! மறைக்க விரும்பும் அச்சுவரே நம் வழக்கின் சாட்சி என்பது நகைப்பிற்கும் வேதனைக்கும் உரியது.

இந்நிலையில்தான் நம்மவர் வேதத்தை நம் கண்கொண்டு படிக்கத் தலைப்பட்டனர். அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் தனியே கிளைத்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், பரட்டை எனப் பெயர்பெற்ற தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். அனைவரும் ஒரே உலையில் சமைத்து உண்பதில் திருவிருந்தின் பொருளைக் கண்டார். கொரிந்தியர்க்கு எழுதப்பட்டதை இதைவிடத் தெளிவாக விளக்கியவர் நாமறிந்தவரை அரியர்.

நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அரசிடம் அளித்த அறிக்கையில் மதத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றுமோர் ஆணையம் அமைந்தது. ஆணையங்கள் ஆதாரம் கேட்கும். ஆகவே, படித்த இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறோம். உங்கள் ஊர்ச் சபையில் கல்லறை எவ்வாறு பிரிந்துள்ளது, திருவிழாத் தேர் எத்தெருவோடு திரும்பிவிடுகிறது, சபைக் குழுவில் நம்மவர் எத்தனை பேர் என்பவற்றை ஊர், நாள் குறித்து, கேட்டதையும் கண்டதையும் பிரித்து எழுதுங்கள். குறிப்பேடுகளைச் சங்கத்தின் படிப்பகத்தில் சேர்த்துவையுங்கள். இவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முன் முதல் ஏடு வந்து சேருமாயின் மகிழ்வோம்.