பெறாத தாலாட்டு: சூஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவெல்’



தமிழ்மொழிக்கென அமைந்த மேடையில் அமெரிக்கப் பாடகர் ஒருவரின் ஆங்கில இசைத்தொகுப்பைப் பற்றிப் பேசுவது ஏன் என்னும் வினா உங்களுள் சிலர்க்கு எழுந்திருக்கும். நியாயமான வினாவே. அதற்குரிய விடையை ஒரு கட்டுரை ஏட்டிலிருந்து தொடங்குகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ‘என் தாயார்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். வந்து சேர்ந்த ஏடுகளில் ஏறத்தாழ ஒரே தாயார்தாம் இருந்தார். அவர் விடியற்காலையில் எழுவார், சுவையாகச் சமைப்பார், வீட்டுப்பாடம் செய்ய உதவுவார், அன்பே உருவானவர். ஒரு மாணவன் மட்டும் நான்கே வரிகள் எழுதியிருந்தான். தன் தாயார் வேறோர் ஊரில் இருக்கிறார். ஒரு தீபாவளிக்கு வந்தார். நீலநிறக் காலணி வாங்கி வந்தார். அது தனக்குச் சிறியதாக இருந்தது. அவ்வளவுதான். நாம் சிவப்பு மையில் ‘கருத்துகள் போதா’ என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தோம். மறுவாரம் வேறொரு கட்டுரை எழுதி வந்தான். அதில் அவன் தாயாரும் விடியற்காலையில் எழுந்தார்; சுவையாகச் சமைத்தார். நல்ல மதிப்பெண் வழங்கினோம்.

அந்தச் சிவப்பு மை நமக்கு உறைத்தது நெடுநாள் கழித்துத்தான். உறைக்கச் செய்தவற்றுள் ஒன்று, இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் இந்த இசைத்தொகுப்பு.

சூஃப்யான் ஸ்டீவன்ஸ் 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் தம் பாடல்களைத் தாமே எழுதி, பெரும்பாலும் தாமே இசைத்துப் பதிவு செய்பவர். இத்தகையோரின் இசையைத்தான் இளைஞர்கள் ‘இண்டி’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். 2005இல் வெளிவந்த ‘இல்லினாய்’ தொகுப்பில் அவர் எக்காளமும் வயலினும் பாடகர் குழுவும் முழங்க ஒரு மாநிலத்தின் வரலாற்றையே பாடினார். 2010இல் வந்த ‘தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’ மின்னணு ஒலிகளின் பெருவெள்ளம். அதன்பின் 2015 மார்ச் 31 அன்று வெளிவந்த ‘கேரி அண்ட் லோவெல்’ நேர்மாறானது. பதினொரு பாடல்கள், மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. முரசு ஏறக்குறைய இல்லவே இல்லை. விரல்களால் மீட்டிய கிதாரும், காதோடு சொல்வது போன்ற குரலும், அக்குரலின்மேல் அதே குரலே மீண்டும் படிந்த மெல்லிய இரட்டிப்பும்தான் உண்டு. சில பகுதிகள் ஒரேகன் மாநிலத்துக் கிளாமத் ஃபால்ஸ் நகர விடுதி அறையொன்றில் கைப்பேசியிலேயே பதிவு செய்யப்பட்டவை. கூர்ந்து கேட்டால் அறையின் குளிர்சாதனம் இரைவதும் கேட்கும். அதை அவர் நீக்கவில்லை.

கேரி அவருடைய தாயார். சூஃப்யானுக்கு ஒரு வயதானபோதே அவர் குடும்பத்தை விட்டு நீங்கினார். மனநோயும் குடிப்பழக்கமும் அவரை வாழ்நாள் முழுதும் அலைக்கழித்தன. குழந்தைகள் மிச்சிகனில் தந்தையிடம் வளர்ந்தனர். பின்னர்க் கேரி, லோவெல் பிராம்ஸ் என்பவரை மணந்து ஐந்தாண்டு காலம் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளுள் மூன்று கோடை விடுமுறைகளைக் குழந்தைகள் ஒரேகனில் அவர்களோடு கழித்தனர். சூஃப்யானுக்கு அப்போது ஐந்து முதல் எட்டு வயது. தாய் என்னும் சொல்லுக்கு அவரிடம் இருந்த முதல் எல்லாம் அந்த மூன்று கோடைகளே. 2012 டிசம்பரில் கேரி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்; மகன் படுக்கையருகே இருந்தார்.

தொகுப்பின் தலைப்பில் தாயின் பெயரோடு இணைந்து நிற்பது தந்தையின் பெயர் அன்று. நாம் ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்பதை ஒரு வசைத்தொடராகவே வழங்கி வருகிறோம். அச்சொல்லை இனி எழுதுமுன் லோவெல் பிராம்ஸை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மணவாழ்க்கை முறிந்த பின்னும் அவர் அந்தக் குழந்தைகளை விட்டு நீங்கவில்லை. பின்னாளில் சூஃப்யானோடு சேர்ந்து ‘அஸ்த்மாட்டிக் கிட்டி’ என்னும் இசைவெளியீட்டகத்தை நடத்தினார். 2020இல் இருவரும் கூட்டாக ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டனர்.

இனி நம் இலக்கியத்தின் பக்கம் வருவோம். இறந்தாரை எண்ணி இரங்கும் பாடலைத் தொல்காப்பியம் கையறுநிலை என்கிறது. பாரியை இழந்த கபிலர் பாடினார். அதியமானை இழந்த ஔவையார் பாடினார். இவர்கள் அனைவரும் பெற்றவர்கள்: நட்பைப் பெற்றவர்கள், கொடையைப் பெற்றவர்கள். பெற்றதை எண்ணியே கையற்று நின்றார்கள். அனைத்தையும் துறந்த பட்டினத்தார் தாய்க்குத் தீ மூட்டும் வேளையில் உருகியதும், அத்தாய் சுமந்ததையும் ஊட்டியதையும் நினைந்தே. ஆக, நம் இரங்கற்பாவின் அடித்தளம் நன்றி. அது பெருமைக்குரிய அடித்தளந்தான். ஆனால், நன்றி கூறுவதற்குப் போதிய அளவு கிடைக்கப் பெறாதவன் எவ்வாறு அழுவான்?

நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ‘என்னை விட்டுப் போனாயே’ என்பது ஒப்பாரியின் நீங்காத கேள்வி. சூஃப்யானுக்கு அக்கேள்வியை இருமுறை கேட்க வேண்டியிருந்தது. முதல்முறை போனபோது கேட்க அவருக்குப் பேச்சே வந்திருக்கவில்லை.

தொகுப்பின் முதற்பாடலிலேயே அவர் தாயை மன்னித்துவிடுகிறார். நாம் எழுதியிருந்தால் மன்னிப்பைக் கடைசிப் பாடலில் வைத்திருப்போம். கட்டுரைக்கு முடிவுரை வைப்பதுபோல. அவரோ முதலில் மன்னித்துவிட்டு, அது நிலைக்கவில்லை என்பதை எஞ்சிய பத்துப் பாடல்களில் காட்டுகிறார். இரண்டாம் பாடலில் ஒரு நினைவு வருகிறது: மூன்று நான்கு வயதில் ஒளிநாடாக் கடையொன்றில் தாய் அவரை விட்டுவிட்டுப் போனது. அதே பாடல் பாதியில் திரும்பி, இசை வெளிச்சம் பெற்று, உடன்பிறந்தாரின் குழந்தையின் அழகில் வந்து நிற்கிறது. பிறகு மீண்டும் இருள். ‘தி ஒன்லி திங்’ பாடலில் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தின் விளிம்புவரை செல்கிறார். இளைய மாணவர்களுக்கு அப்பாடலைப் போட்டுக் காட்ட விழையும் ஆசிரியர்கள் உடனிருந்து பேச வேண்டும். தனியே கேட்கச் சொல்லி அனுப்பக்கூடாது. தொகுப்பின் எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தன என்றும் கூறமாட்டோம். விவிலியக் குறிப்புகளும் தொன்மக் குறிப்புகளும் செறிந்த சில இடங்களில் துயரம் சற்று மறைந்து, படிப்பு முன்னே வந்து நிற்கிறது.

‘யூஜீன்’ என்னும் பாடலில் ஆசிரியர்களாகிய நமக்கென்றே ஒரு செய்தி உண்டு. யூஜீன் ஒரேகனில் உள்ள ஒரு நகரம். அங்குச் சிறுவனுக்கு நீச்சல் கற்பித்தவர்க்குச் ‘சூஃப்யான்’ என்னும் பெயர் நாவில் வரவில்லை. ஆகவே ‘சுபாரு’ என்று ஒரு காரின் பெயரால் அழைத்தார். ஆயினும் அப்பாடலில் அவர்மேல் சினம் இல்லை. பெயரைப் பிழையாக அழைத்த அந்த மனிதர் தந்தையைப் போல் சிறுவன் தலையில் நீர் வார்க்கிறார். கிடைத்த அன்பு எவ்வடிவில் வந்ததோ அவ்வடிவிலேயே அதை எழுதி வைத்துவிடுகிறார். சிறியதாகப் போன நீலக் காலணியை நாம் இங்கே மீண்டும் கண்டோம்.

இத்தொகுப்பின் உச்சம் ஆறாம் பாடலாகிய ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’. இறந்த தாயும் மகனும் மாறி மாறிப் பேசும் பாடல் அது. ‘ஒப்பாரி’ என்னும் சொல்லுக்கு அகராதி ‘ஒப்பு’ என்றும் பொருள் தருவதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அழுபவர், மாண்டவரைப் பொன்னோடும் முத்தோடும் ஒப்பிட்டுச் சொல்லி அழுவார். இப்பாடலில் அந்த ஒப்பு தலைகீழாகிறது. மாண்டவரே பேசுகிறார், உயிரோடிருக்கும் மகனை மின்மினி என்றும் புறா என்றும் சிறு பருந்து என்றும் கொஞ்சி அழைக்கிறார். அன்பு போதுமான அளவு கிடைத்ததா என்று கேட்கிறார். விட்டுப் போனதற்கு வருந்துகிறார். குழந்தையைப் பறவையாகவும் பூவாகவும் ஒப்பிட்டுக் கொஞ்சுவதற்கு நம் மொழியில் வேறொரு பெயர் உண்டல்லவா? தாலாட்டு. இரங்கற்பாடல் பாட வந்த மகன், தான் பெறாத தாலாட்டைத் தாயின் வாயில் வைத்துத் தனக்கே எழுதிக்கொள்கிறார்.

அப்படியென்றால், இரண்டாம் முறை கட்டுரை எழுதி வந்த நம் மாணவன் செய்ததும் இதுதானே, அதை மட்டும் பொய் என்று நாம் எவ்வாறு சொல்லலாம் என்று நீங்கள் கேட்கலாம். நாமும் நெடுநாள் இதை எண்ணினோம். இரண்டும் ஒன்றல்ல என்றே நமக்குப் படுகிறது. சூஃப்யான் உண்டாக்கிய தாய், தான் விட்டுப் போனவள் என்பதை அறிந்தே பேசுகிறாள். போனதை மறைத்துவிட்டு அவள் கொஞ்சவில்லை. நம் மாணவன் உண்டாக்கிய தாய் போகவே இல்லை. ஏனெனில் போனவளுக்கு நாம் மதிப்பெண் வைத்திருக்கவில்லை. அவனுக்கு அந்த முதல் நான்கு வரிகளை அழிக்க வேண்டியிருந்தது. சூஃப்யானோ அவற்றை அழிக்காமல் அவற்றின்மேலேயே தாலாட்டை எழுதினார். அதனால்தான் அத்தாலாட்டு இனிமையாக முடியவில்லை. எல்லாரும் ஒருநாள் இறப்போம் என்னும் வெறும் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஓய்கிறது. உறங்க வைக்கும் பாட்டின் மெட்டில் அவ்வுண்மை வருவதால் அது அச்சுறுத்தவில்லை.

இப்போது நாம் ‘என் தாயார்’ என்னும் தலைப்பைக் கொடுப்பதில்லை. ‘எனக்கு ஒருவர் கொடுத்த பொருள்’ என்று கொடுக்கிறோம். வரும் கட்டுரைகள் குட்டையாக இருக்கின்றன. தேர்வுக்குரிய சொல்லெண்ணிக்கையை எட்டச் செய்வது பெரும்பாடு. அதைக் குறித்துச் சக ஆசிரியர்களோடு நமக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. அந்த மாணவனுக்கு இன்று முப்பது வயது கடந்திருக்கும். எங்கிருக்கிறான் என்று அறியோம்.

ஆறாம் பாடலை இப்போது ஒலிக்கச் செய்யுமாறு ஏற்பாட்டாளர்களை வேண்டுகிறோம். நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இருவர் பேசும் பாடல் ஆயினும் குரல் ஒன்றே என்பதால், தாய் பேசுவது எங்கே முடிகிறது, மகன் பேசுவது எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனித்துக் கேளுங்கள். அரங்கின் குளிர்சாதனம் சற்று இரைகிறது, இருக்கட்டும்.