பள்ளிக்கூடத்து வவுச்சர்: ஒரு பழைய குமாஸ்தாவின் கணக்கு

(நம் சங்கத்தின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரை)

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வங்கியில் நான் எழுதிய வவுச்சர்களுக்குக் கணக்கில்லை. ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு. இரண்டும் டாலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. கல்வியிலும் வவுச்சர் என்று ஒன்று சொல்கிறார்கள். அரசு தன் பணத்தைப் பிள்ளையின் பேரில் கொடுக்கும். பெற்றோர் விரும்பிய பள்ளியில் அதைச் செலுத்தலாம். 1955-ல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் இதை எழுதினார். 1981-ல் சிலி நாடு நடைமுறைப்படுத்தியது.

நம் ஊரில் இதற்கு நெருக்கமானது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை இடம். கட்டணத்தை அரசு திருப்பித் தரும். இது வரவுப் பக்கம். நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பணக்காரருக்கு மட்டும்தானா என்ற கேள்வி நியாயமானதே.

பற்றுப் பக்கத்தையும் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது அதே சட்டம். அறுபதில் இருபது பேர் தனியார் பள்ளிக்குப் போனாலும் அந்த இரண்டு சம்பளமும் குறையாது. கட்டடச் செலவும் குறையாது. இருபது பேரின் கட்டணம் கூடுதல் செலவு. பிறகு, "இத்தனை குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா?" என்று கேட்பார்கள்.

நம் வளாகத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் பெண்ணுக்கு இந்த ஒதுக்கீட்டில் நான்தான் விண்ணப்பம் போட்டேன். இடமும் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பியை 2025-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் காத்திருந்தோம். மத்திய, மாநில அரசுகளுக்குள் நிதித் தகராறு. கோடையில் விண்ணப்பமே திறக்கவில்லை. அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது. பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிட்டன.

அந்தப் பையனைச் சேர்த்துக்கொண்டது, பின் தெருவிலுள்ள அரசுப் பள்ளி. வருமானச் சான்று கேட்கவில்லை, குலுக்கல் இல்லை. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் போடுகிறார்கள். இத்தனை வருடம் இங்கே குடியிருந்தும் அன்றுதான் அந்தப் பள்ளிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். வெட்கமாக இருந்தது.

வவுச்சர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் அது பாஸ் ஆகாமல் திரும்பினாலும் பிள்ளை போய் நிற்க ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தின் பணத்தில் கை வைக்காமல் எந்தத் திட்டம் வந்தாலும் வரவேற்கலாம்.

நம்மால் ஆனது இரண்டு. ஏப்ரலில் நம் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர கிளப் ஹவுசில் இரண்டு மேசை போடுவோம். பின் தெருப் பள்ளியின் தலைமையாசிரியரை ஒருமுறை போய்ப் பார்த்து, என்ன தேவை என்று கேட்போம். என்னோடு வர விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.