கோணிய சித்தம்



வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா தேசத்துக்குள் அடங்கும் தகாஸ்தே என்ற சிற்றூரில், ஏறக்குறைய 1,650 ஆண்டுகளுக்கு முன்பு, பதினாறு வயதுப் பையன் ஒருவன், மேற்படிப்புக்குப் பணம் சேரும்வரை வீட்டில் சும்மாயிருந்த காலத்தில், தன் தோழர்களோடு சேர்ந்து நடுநிசியில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கினான். மரம் அவன் வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்திலே இருந்தது, அந்நியருக்குச் சொந்தமானது. காய்கள் கண்ணுக்கும் அழகில்லை, நாவுக்கும் ருசியில்லை. அவற்றைவிட மேலானவை அவன் வீட்டிலேயே ஏராளமாக இருந்தன. சுமை சுமையாக அள்ளிக்கொண்டு போன பிள்ளைகள், ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைப் பன்றிகளுக்கு வீசியெறிந்தார்கள்.

அந்தப் பையன்தான் 354-ஆம் ஆண்டில் பிறந்து, பின்னாளில் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராக விளங்கிய அகுஸ்தினார். நாற்பது வயதைக் கடந்தபின், தம் வாழ்க்கை முழுவதையும் கடவுளின் சந்நிதியில் ஒப்புக்கொள்ளும் நூலொன்றை எழுதப் புகுந்தவர், எத்தனையோ பெரிய குற்றங்களைச் சில வரிகளில் கடந்துபோய்விட்டு, இந்தப் பேரிக்காய்த் திருட்டண்டை வந்ததும் நின்றுவிடுகிறார். ஏடு ஏடாக இதையே திருப்பித் திருப்பி ஆராய்கிறார். முதன்முதலில் அதைப் படித்தபோது, ஒரு கூடைக் காய்களுக்காக இத்தனை கண்ணீரா என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால், பசித்தவன் திருடினால் அதற்குக் காரணம் உண்டு. பகைகொண்டவன் கொலை செய்தால் அங்கேயும் ஒரு காரணம் உண்டு. இவர் திருடியதற்கோ பசியும் காரணமில்லை, பகையும் காரணமில்லை. செய்யத்தகாதது என்பதே அதன் சுவையாக இருந்தது. தனியாக இருந்தால் செய்திருக்கமாட்டேன், கூட்டாளிகளின் சிரிப்பும் அதில் சேர்ந்திருந்தது என்று அவரே சொல்கிறார். சாக்குப்போக்குகள் எல்லாம் உதிர்ந்துபோன ஒரு குற்றம் அகப்பட்டதனாலேதான், பாவத்தின் சொரூபத்தை அதிலே வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது.

கிரேக்க ஞானிகளில் சிறந்த சிலர், நன்மை இன்னதென்று உண்மையாகவே அறிந்தவன் தீமை செய்யான், அஞ்ஞானமே குற்றத்துக்கு வேர் என்று போதித்தார்கள். அது மெய்யானால் மனிதனுக்கு வேண்டியவர் ஆசிரியரே அன்றி இரட்சகர் அல்லர். மானி என்பவர் நிறுவிய சமயமோ, ஒளியும் இருளும் அனாதியான இரண்டு தத்துவங்கள் என்றும், நமக்குள் குடியேறிய இருளே பாவம் செய்கிறதென்றும் கற்பித்தது. வாலிபத்தில் ஒன்பது ஆண்டுகள் அகுஸ்தினார் அந்த மதத்தில் கேட்போர் என்ற நிலையில் இருந்தார்; செய்தவன் நான் அல்லேன் என்று சொல்லிக்கொள்வதிலே இருந்த ஆறுதலைப் பிற்பாடு அவரே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். கிறிஸ்தவ உபதேசம் இவ்விரண்டையும் மறுக்கிறது. கடவுள் படைத்ததெல்லாம் நல்லதே. தீமைக்கெனத் தனியாக ஒரு பொருள் கிடையாது. நன்மையை நோக்கி நிற்கவேண்டிய மனிதனுடைய சித்தம் தன்னைநோக்கியே வளைந்துபோனதுதான் பாவம். அம்பு குறி தப்புவதைச் சொல்லும் வார்த்தையையே புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் பாவத்துக்கு வழங்குகிறது. கண் மங்கியதனால் மட்டும் குறி தப்பவில்லை, வில்லே கோணியிருக்கிறது.

இது நூலறிவாக மட்டும் இருந்தவரையில் எனக்கு விளங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, குடும்பச் சொத்து ஒன்றைப் பங்கிட்டபோது, என் தமையனாரைப் பலர் நடுவே கடுஞ்சொல் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது என்று அன்று இரவே தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் தெருமுனையிலே தபால் பெட்டி. காலையும் மாலையும் அதைக் கடந்துதான் போகவேண்டும். பதினோரு நாள் கடந்துபோனேன். உறையின் ஓரங்கள் வியர்வையில் தளர்ந்து, விலாசத்தின் மை கலங்கத் தொடங்கியது. நட என்றால் கால் நடக்கிறது, நீட்டு என்றால் கை நீளுகிறது. மனம் மனத்துக்கு இடுகிற ஆணை ஒன்றுமட்டும் நிறைவேறாமல், பெட்டியின் வாய்க்கு அருகே போய்த் திரும்பி வந்தது. கை மனத்துக்குக் கீழ்ப்படிகிறதே, மனம் தனக்கே கீழ்ப்படியாதிருப்பது என்ன விபரீதம் என்று அகுஸ்தினார் வியந்த இடத்தின் பொருள் அந்தப் பதினோரு நாளில் எனக்கு விளங்கியது.

பன்னிரண்டாம் நாள் தமையனாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சண்டையைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சின்னவளுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரித்து, அறுப்பின் பண்டிகைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டு வரும்படி எழுதியிருந்தார். அன்று மாலை என் கை எந்தப் பிரயாசையுமின்றி நீண்டது. வேத சாஸ்திரிகள் முந்திவரும் கிருபை என்று வழங்குகிற சொல்லை அதற்குமுன் எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறேன்.

386-ஆம் ஆண்டில், மிலான் நகரத்து வீடொன்றின் தோட்டத்தில், அகுஸ்தினாருக்கு நேர்ந்ததும் இவ்விதமே. அலங்கார சாஸ்திரப் பேராசிரியர். சத்தியம் இன்னதென்பதில் சந்தேகம் நீங்கியவர். ஆயினும் பழைய வாழ்க்கையை உதற இயலாதவர். இளமையில் தூய்மையை வேண்டி மன்றாடும்போதே அது உடனே அருளப்பட்டுவிடுமோ என்று அஞ்சியதையும் அவர் ஒளிக்கவில்லை. அத்தி மரத்தடியில் விழுந்து அழுதுகொண்டிருந்தவரின் காதில், எடுத்து வாசிக்கச் சொல்லிப் பாடும் குழந்தைக் குரல் ஒன்று அண்டை வீட்டிலிருந்து விழுந்தது; பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தைத் திறந்தார்; கண்பட்ட வாக்கியத்துக்குமேல் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. மறுவருஷம் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவில் மிலான் மேற்றிராணியார் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

கடவுள் கட்டளையிடுவதைச் செய்ய வலிமையையும் அவரே தரவேண்டும் என்ற கருத்தில் அகுஸ்தினார் எழுதிய வேண்டுதலை உரோமாபுரியில் கேட்டபோது பெலாஜியுஸ் என்ற துறவி சினம் கொண்டார். மனிதனால் ஆகாததைக் கடவுள் கட்டளையிடுவாரா என்பது அவருடைய கேள்வி. ஒழுக்கசீலரான அவர், சோம்பேறிகள் கிருபையைச் சாக்காக்கிக்கொள்வதைக் கண்டு வருந்தியவர். அவரை அற்பமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 418-ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கூடிய சங்கம் அவர் போதனையை நிராகரித்தது நியாயமே என்று நம்புகிறேன். கோணிய வில்லுக்கு, நேராயிரு என்ற உபதேசம் எதற்கு உதவும்? முதுமையில் அகுஸ்தினார், இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்னமே தேர்ந்துகொள்கிறார் என்ற முன்குறித்தலைப்பற்றி எழுதிய சில கடுமையான முடிவுகளோடு என் மனம் ஒன்றவில்லை. கீழைத் திருச்சபைகளும் அவற்றை ஏற்றதில்லை.

இழவு வீட்டிலே, எல்லாம் தேவ சித்தம் என்று நாம் சொல்லிக்கொள்ளுகிறோம். அழுகிற தாயிடம் அந்தச் சொல்லை எத்தனை எளிதாக எறிந்துவிடுகிறோம்! எல்லா மனிதரும் இரட்சிக்கப்படவேண்டும் என்பதே தேவ சித்தம் என்று வேதம் கூறுகிறது. அந்தச் சித்தம் எத்தகையது என்று காணவேண்டுமானால் கெத்செமனே தோட்டத்துக்குப் போகவேண்டும். எண்ணெய்ச் செக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே இயேசுவின் மனித சித்தம், மரணத்துக்கு அஞ்சி, பாத்திரம் நீங்கும்படி வேண்டி, வேண்டிய பின்பும் கோணாமல், பிதாவின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தது. நம்முடைய சித்தத்தைத் திரும்ப நிமிர்த்துவது அந்த நிமிர்வுதான் என்று சபை நம்புகிறது. உபதேசமாக மட்டும் அது நம்மிடம் வரவில்லை. நாம் எழுதாதிருந்த நாளிலே வந்து சேர்ந்த தமையனின் கார்டுபோல் வந்தது.

430-ஆம் ஆண்டில் வண்டாலியர் என்னும் இனத்தார் ஹிப்போ நகரை முற்றுகையிட்டார்கள். மூன்றாம் மாதத்தில், எழுபத்தைந்து வயது கடந்த அகுஸ்தினார் ஜுரத்தில் விழுந்தார். எத்துணை நல்ல கிறிஸ்தவரானாலும், குருவானாலும், மனஸ்தாபமின்றி இவ்வுலகைவிட்டுப் போகலாகாது என்று சொல்லி வந்தவர் அவர். தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களைத் தாள்களில் எழுதச் செய்து, படுக்கையிலிருந்து பார்வை எட்டும்படி சுவரில் மாட்டச் சொன்னார். வைத்தியர் வரும் நேரமும் ஆகாரம் வரும் நேரமும் தவிர மற்ற வேளையில் ஒருவரும் உள்ளே வரவேண்டாம் என்றார். சுமார் பத்து நாள், அந்தச் சுவரைப் பார்த்து வாசித்தபடியே அவர் ஓயாமல் அழுதார் என்று, உடனிருந்த சீடர் பொசிதியுஸ் எழுதிவைத்திருக்கிறார்.