கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல்

பெங்களூரில் விதான சௌதாவுக்கு நேர் எதிரே, கப்பன் பூங்காவின் ஓரமாக, சிவப்பு நிறத்தில் நீளமாக ஒரு கட்டடம் இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம். பழைய ஆட்கள் இன்றும் அதை அட்டாரா கச்சேரி என்றுதான் சொல்வார்கள். அட்டாரா என்றால் பதினெட்டு. பதினெட்டு அரசுத் துறைகள் ஒரே இடத்தில் இயங்கட்டும் என்று எழுப்பிய கட்டடம் அது. கச்சேரி என்ற சொல் நமக்கும் புதிதில்லை. மயிலாப்பூரில் கச்சேரி சாலை இருக்கிறதே, அந்தக் கச்சேரிதான்.

1868-இல் வேலை முடிந்த அந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். வறுமையில் பிறந்து, இந்த ஊரில் வணிகமும் கான்ட்ராக்டும் செய்து உயர்ந்தவர். 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. 1980களில் அந்தக் கச்சேரிக் கட்டடத்தை இடித்துவிட நினைத்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது, கட்டடம் பிழைத்தது.

ஒரு தமிழர் எழுப்பிய அந்தச் சுவர்களைப் பற்றி இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் நான் அதிகம் கேட்டிருப்பது வேறு ஒரு பேச்சு. பெண் பார்க்கப் போகும் இடத்தில் சொல்வார்கள்: "எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் கோர்ட்டு வாசலை மிதிச்சதில்லைங்க." அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்தோம் என்பதுதான் அதன் பொருள். ஆனால் அதோடு ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வக்கீல் என்றால் கோர்ட்டு, கோர்ட்டு என்றால் வழக்கு, அதனால் வக்கீல் வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்ற எண்ணம். கோர்ட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று நினைக்கிறவர்தான் முதலில் வக்கீல் ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அல்சூரில் பூக்கட்டி விற்கிறவர். பெயர் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா. கேட்டுல ஒட்டிட்டுப் போயிட்டாங்க." வங்கி நோட்டீஸ். ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுக்காரர் கடனைக் கட்டவில்லை, அதனால் வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிறது என்று போட்டிருந்தது.

அந்த அம்மா அந்த வீட்டில் லீசுக்கு இருந்தார். பெங்களூரில் லீஸ் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். நம் ஊர்ப்பக்கம் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்வது போன்ற ஏற்பாடு. இவர் கொடுத்திருந்தது ஆறு லட்சம். சீட்டு எடுத்த பணம், மகளின் நகையை விற்ற பணம், இவர் இருபது வருஷம் பூக்கட்டிய பணம்.

கவருக்குள் அக்ரிமென்ட்டும் இருந்தது. பாண்டு பேப்பரில் தட்டச்சு செய்த நாலு பக்கம். மூன்று வருஷத்துக்கு என்று போட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வீட்டுக்காரர் கையெழுத்து, அதன் பக்கத்தில் இந்த அம்மாவின் கைநாட்டு. கடைசிப் பக்கத்தில் சிவப்பில் வட்டமாக ஒரு நோட்டரி சீல், பச்சையில் ஒரு வில்லை. அவர் அந்த சீலின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "கவர்மென்ட் சீல் அடிச்சிருக்கே தம்பி, அப்புறம் எப்படிப் போகும்?"

அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை. இந்த ஊரில் எத்தனையோ ஆயிரம் பேர் அந்த சீலை நம்பித்தான் தூங்குகிறார்கள். நோட்டரி சீல் வேறு, பதிவு வேறு. இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். போக்கியமாக எழுதினால் அது அடமானத்தில் சேரும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அப்படிப்பட்ட அடமானத்துக்குப் பதிவு வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்லிவிட்டது. இன்று வாடகை ஒப்பந்தம் எல்லாம் 11 மாதத்துக்கு எழுதுகிறார்களே, அது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? 12 மாதத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான்.

பதிவு இல்லாத ஒப்பந்தத்தோடு வங்கிக்கு முன்னால் போய் நின்றால் பலம் குறைவு. வங்கி கேட்கும்: நீங்கள் குடிவந்தது எங்கள் கடனுக்கு முன்பா, பின்பா? இவர் குடிவந்தது கடனுக்குப் பிறகு. வீட்டுக்காரர் மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்துப் பணம் வாங்கிவிட்டு, அதே வீட்டை லீசுக்கும் விட்டிருக்கிறார்.

இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். ஒரு வக்கீலிடம் போயிருந்தால் அவர் முதலில் ஈசி போடுவார். ஈசி என்றால் வில்லங்கச் சான்று. அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் வரும். ஆனால் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து மட்டும் வாங்கிய கடன் சில நேரம் ஈசியில் தெரியாமல் போகும். அனுபவமுள்ள வக்கீல் அதோடு நிற்க மாட்டார். அப்படிப்பட்ட கடன்களைப் பதிந்து வைக்க சர்சாய் என்று ஒரு மத்தியப் பதிவேடு 2011 முதல் இருக்கிறது. அதிலும் தேடுவார். அப்புறம் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அசல் பத்திரம் எங்கே? ஜெராக்ஸ் வேண்டாம், அசலைக் காட்டுங்கள்." ஆறு லட்சத்தைக் காப்பாற்ற அந்த ஒரு கேள்வி போதும். கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வக்கீல் வாங்கும் ஃபீஸ், இழப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நோட்டீஸ் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். ஒரு மாதம் ஓடியிருந்தது. வங்கி இப்படி நடவடிக்கை எடுத்தால், பாதிக்கப்பட்டவர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். எனக்கே அன்று இது தெரியாது. மறுநாள் காலையில் போன இடத்தில் சொன்னார்கள். இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. அந்த அம்மா ஒரு மாதமாக அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். பயம்.

மறுநாள் போன இடம், இலவசச் சட்ட உதவி மையம். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பதுதான் அவருடைய முதல் பேச்சாக இருந்தது. ஏழை என்பதால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக்கூடாது, அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியே நம் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, யார் யாருக்கு இலவச வக்கீல் என்று சொல்கிறது. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், அரசு நிர்ணயித்த வரம்புக்குள் வருமானம் உள்ளவர்கள். இவர்களோடு பெண்களும் குழந்தைகளும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இதை நேயர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெண் என்பதே தகுதி. சம்பளச் சான்றிதழ் கேட்டு யாரும் திருப்பி அனுப்பக்கூடாது.

1986-இல் சுக் தாஸ் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கு அது. ஒரு பொறியாளரை மிரட்டினார் என்று இரண்டு ஆண்டு தண்டனை கொடுத்துவிட்டார்கள். விசாரணை முழுக்க அவருக்கு வக்கீல் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கேட்கத் தெரியாதவனிடம் நீ ஏன் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பூக்காரம்மா தன் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தபோது, அவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவருக்கு ஒரு பெண் வக்கீலைக் கொடுத்தார்கள். நாள் தவறாமல் மனு போட்டார்கள். வீட்டுக்காரரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, மீதிக்கு வழக்கு நடக்கிறது. முழுவதும் கிடைத்திருந்தால் உங்களிடம் மகிழ்ச்சியாகச் சொல்லியிருப்பேன்.

கட்டணம் கொடுத்து வக்கீல் வைக்கக்கூடியவர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும். இன்று பெங்களூரில் சொத்து, குடும்பம், கம்பெனி, தொழிலாளர் விவகாரம், டிரேட்மார்க் என்று எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் சட்ட நிறுவனங்கள் நிறைய வந்துவிட்டன. சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு இது வசதிதான். காசோலை திரும்பி வந்தால் வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபின் 15 நாள் அவகாசம். பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கில் பிந்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கதவு மூடிவிடும். நாட்களை எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும், அது வக்கீல்.

ஆனால் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நம் நாட்டில் வக்கீல் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நிச்சயம் ஜெயித்துக் கொடுக்கிறேன் என்று உறுதி சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுவதும் தொழில் ஒழுங்குக்கு விரோதம். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி அழுத்திச் சொன்னது. ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். ரசீது கேளுங்கள். கேட்டால் அவமரியாதை என்று நல்ல வக்கீல் யாரும் நினைக்க மாட்டார். ஃபீஸ் பாக்கி இருக்கிறது, அதனால் ஃபைலைத் தர மாட்டேன் என்று சொல்லவும் வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன விஷயம் இது. பாக்கியை வசூலிக்க அவருக்குத் தனி வழி உண்டு. ஃபைல் உங்களுடையது.

மொழி விஷயமும் உண்டு. இங்கே பத்திரங்கள் கன்னடத்தில் இருக்கும், இல்லையென்றால் ஆங்கிலத்தில் இருக்கும். நம்மில் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பரவாயில்லை. "ஒவ்வொரு வரியையும் படித்துத் தமிழில் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்" என்று கேளுங்கள். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமரசம் பேசும்போதும் இப்படியே கேளுங்கள். கோர்ட்டில் கிடக்கும் வழக்கு அங்கே தீர்ந்தால் கட்டிய கட்டணம் திரும்பி வரும், வருடக்கணக்காக அலைய வேண்டாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. போட்ட கையெழுத்து போட்டதுதான்.

கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெங்களூர் எச். சித்தையா சாலையில் நியாய தேகுல என்ற கட்டடத்தில் இருக்கிறது. கன்னடத்தில் தேகுல என்றால் கோயில். போக முடியாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்கு நாட்டில் எங்கிருந்தும் பேசலாம். ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.

லீசுக்கு இருக்கும் நேயர்கள் இன்று இரவே பீரோவைத் திறந்து அந்த பாண்டு பேப்பரை எடுத்துப் பாருங்கள். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்தான தேதியைப் பாருங்கள். 4 மாதம் ஆகவில்லை என்றால் இன்னும் பதிவுக்குக் கொடுக்கலாம். தாண்டியிருந்தால் அபராதம் கட்டி, அதற்கு மேல் 4 மாதம் வரை பதிவுக்கு வழி உண்டு. எப்படியிருந்தாலும் இந்த வாரமே அதை ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள்.