பத்வா கூறத் தகுதியுடையோர் யாவர்?

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இஸ்லாமிய மார்க்கத்திலே பத்வா வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். மார்க்க விடயத்தில் விடை பகர எனக்கு யாதொரு யோக்கியதையும் இல்லை. ஆயினும், யோக்கியதை என்பது சட்டம் பயின்றோர் நாள்தோறும் கையாளும் பொருள். அந்த அளவில் நின்று, இஸ்லாமியச் சட்டநூலோர் வகுத்த இலக்கணத்தை உங்கள்முன் எடுத்துரைக்கின்றேன்.

முதலிலே ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். 1989 ஆம் ஆண்டிலே ஈரான் நாட்டுத் தலைவர் கொமெய்னி, எழுத்தாளர் சல்மான் ருஷ்டிமீது பிறப்பித்த கட்டளைக்குப் பின்னர், பத்வா என்றாலே கொலைத் தண்டனை என்று உலகம் எண்ணத் தலைப்பட்டது. பத்வா என்பது அதுவன்று. மார்க்கச் சட்டத்தில் ஐயமுற்ற ஒருவர் கேட்கும் கேள்விக்கு, அறிந்தவர் ஒருவர் கூறும் விடையே பத்வா. விடை கூறுபவர் முப்தி. வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளிப்பவர் காதி. காதியின் தீர்ப்பு இருதிறத்தாரையும் கட்டுப்படுத்தும். முப்தியின் விடை அவ்வாறு கட்டுப்படுத்தாது. காணி வழக்கிலே அப்புக்காத்து எழுதித்தரும் அபிப்பிராயத்துக்கும், மாவட்ட நீதிபதி இடும் கட்டளைக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கட்டுப்படுத்தாத விடைதானே, யார் சொன்னால் என்ன என்று கேட்கலாம். இதற்கு மறுமொழியாக ஹதீஸ் நூல்களிலே ஒரு நிகழ்ச்சி காணப்படுகின்றது. பயணம் சென்ற தோழர் ஒருவருக்குக் கல்லடிபட்டுத் தலையிலே காயம் உண்டாயிற்று. அந்நிலையில் அவருக்கு முழுக்குக் கடமையாயிற்று. நீராடாது, மண்ணால் தூய்மை செய்துகொள்ளும் சலுகை தமக்கு உண்டா என்று உடன்வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அச்சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் முழுகினார், இறந்தார். செய்தி அறிந்த நபிகள் நாயகம் அவர்கள், அந்த மனிதரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடிந்துரைத்தார். தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றார். அவரைக் கட்டாயப்படுத்தி நீரில் இறக்கியவர் எவருமில்லை. நண்பர்கள் நல்லெண்ணத்தோடு கூறிய விடை ஒன்று மட்டுமே அங்கு இருந்தது. உயிர் போயிற்று. தகுதியைப்பற்றிப் பின்வந்த அறிஞர் அத்துணைக் கண்டிப்பாக எழுதியமைக்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

அத்தகுதிதான் யாது? 767 முதல் 820 வரை வாழ்ந்த இமாம் ஷாபிஈ அவர்கள் கேட்டவை எளியன அல்ல. குர்ஆனை அறிதல் வேண்டும். அதிலே முந்திய விதியை நீக்கிய பிந்திய விதி எது என அறிதல் வேண்டும். ஹதீஸ்களையும், அரபு மொழியையும், முன்னோர் எங்கே ஒன்றுபட்டனர், எங்கே வேறுபட்டனர் என்பதையும் அறிதல் வேண்டும். தெரிந்த விதியிலிருந்து தெரியாத ஒன்றுக்கு ஒப்புமை கொண்டு செல்லும் முறையிலும் தேர்தல் வேண்டும். ஒரு வசனத்தையோ ஒரு ஹதீஸையோ தனியே பிடுங்கி எடுத்துக் காட்டுபவர் இவற்றுள் ஒன்றிலும் தேறார்.

13 ஆம் நூற்றாண்டிலே சிரியா நாட்டில் வாழ்ந்த இமாம் நவவி, தமக்கு முன்னிருந்த இப்னு ஸலாஹ் முதலியோரின் கருத்துக்களையும் திரட்டி, இவ்விடயத்தைத் தம் நூலின் முன்னுரையிலே விரிவாக எழுதினார். முப்தி நம்பிக்கைக்குரியவராகவும், ஒழுக்கமுடையவராகவும், தெளிந்த அறிவினராகவும் இருத்தல் வேண்டும் என்ற அவர், அடுத்துக் கூறியது இங்கே பலரை வியக்கச் செய்யும். சுதந்திரரும் அடிமையும், ஆணும் பெண்ணும் இதில் ஒன்றே, கண்ணிழந்தவரும் முப்தியாகலாம், எழுதவோ, விளங்கும்படி சைகை காட்டவோ வல்ல ஊமையும் ஆகலாம். காதிப் பதவியைப் பெரும்பாலான சட்டநூலோர் சுதந்திர ஆடவர்க்கே உரியதாக்கினர். பத்வாவுக்கோ அந்த வேலி இல்லை. அதிகாரம் செலுத்தும் பதவிக்குப் பல தடைகள் உண்டு. அறிவு ஒன்றையே முதலாகக் கொண்ட பணிக்குப் பிறப்பும் பாலும் தடையல்ல என்பதே இதன் உட்கிடை என நான் கொள்கின்றேன். நம் நாட்டிலே 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, காதியாக நியமிக்கப்படுபவர் நற்குணமும் தக்க தேர்ச்சியும் உடைய முஸ்லிம் ஆணாக இருத்தல் வேண்டும் என வகுத்தது. ஆண் என்பதைத் தெளிவாகச் சொன்ன அப்பிரிவு, தேர்ச்சி எத்தகையது என்பதை மட்டும் சொல்லாது விட்டது! நவவி அவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ?

முப்தி தொழில் செய்யும் முறைக்கும் விதிகள் உண்டு. கோபத்திலே, பசியிலே, துயரிலே, மிகு மகிழ்ச்சியிலே, தூக்கக் கலக்கத்திலே விடை கூறலாகாது. கேள்வி எழுதிய தாளில் வெற்றிடம் இருந்தால் கோடிட்டு அடைத்தல் வேண்டும். இல்லையேல் பின்னர் எவரேனும் எதையேனும் செருகிவிடுவர். உறுதி எழுதும் நொத்தாரிசுமார் இதைக் கேட்டு முறுவலிப்பதைக் காண்கின்றேன். கேட்பவருக்கும் கடமை உண்டு. அறிஞர் கோலம் பூண்டு அமர்ந்திருக்கின்றார் என்பதற்காக ஒருவரிடம் போய்க் கேட்டுவிடலாகாது. அவர் தகுதியுடையவர்தாமா என்று விசாரித்தறிதல் கேட்பவர் பொறுப்பு.

எல்லாவற்றினும் மேலாகத் தெரியாது என்று கூறும் துணிவு வேண்டும். மதீனாவின் பேரறிஞரான இமாம் மாலிக் அவர்களிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்கப்பட்டனவாம். 32 கேள்விகளுக்கு அவர் தெரியாது என்றே கூறினாராம். எழுபது அறிஞர் தம் தகுதிக்குச் சான்று கூறும்வரை அவர் பத்வா கூறவில்லை என்றும் சொல்லப்படுகின்றது. இன்று கைத்தொலைபேசியிலே நொடிப்பொழுதில் மார்க்க விடை கூறுவோர் எத்தனை பேர், அவர்களுள் ஒரு நாளில் ஒருமுறையேனும் தெரியாது என்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

தகுதியற்றோர் வாய்திறந்ததன் விலையை உலகம் கொடுத்திருக்கின்றது. 1998 பெப்ரவரியில் உசாமா பின் லாடனும் கூட்டாளிகளும், அமெரிக்கரைக் கொல்லுதல் கடமையென்று பத்வா என்ற பெயரால் ஓர் அறிக்கை விடுத்தனர். பின் லாடன் மார்க்கச் சட்டத்தை முறைப்படி பயின்று தேறியவர் அல்லர். அவ்வாண்டு ஆகஸ்டிலே நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் 200க்கு மேற்பட்டோர் குண்டுக்கு இரையாயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆபிரிக்க மக்கள். 2005 ஜூலையில் ஜோர்தான் தலைநகர் அம்மானில் 50 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 அறிஞர் கூடி, சட்ட மரபுகள் வகுத்த தகுதி இல்லாதவர் பத்வா கூறலாகாது என்று வலியுறுத்தினர். 2010 இல் சவூதி மன்னர், பொதுமக்களுக்குரிய பத்வாவை மூத்த அறிஞர் சபையோர் மட்டுமே வெளியிடலாம் எனக் கட்டளையிட்டார்.

அரசு முத்திரை குத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படேன். 1914 நவம்பரிலே துருக்கிப் பேரரசின் ஷெய்குல் இஸ்லாம், அப்பதவிக்குரிய சகல தகுதிகளோடும், பிரித்தானியா, பிரான்சு, ரஷ்யா ஆகியவற்றுக்கெதிராகப் புனிதப்போருக்கு அழைக்கும் ஐந்து பத்வாக்களை வெளியிட்டார். போரிலே துருக்கியோடு கைகோத்து நின்ற ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அப்பகைவர் வரிசையிலே இடம்பெறவில்லை. உலக முஸ்லிம்களிற் பெரும்பாலோர் அவ்வழைப்புக்கு எழவில்லை; 1916 இல் மக்காவின் ஷரீபே துருக்கிக்கெதிராகக் கிளர்ந்தார். அரசாங்கத்தின் தேவைக்காகப் பிறந்த விடை என்று கண்டபின், பதவியின் பெருமை அதற்குத் துணைநிற்கவில்லை.

இனி, சட்டத்தரணி என்ற முறையில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த விதியொன்றைக் கூறுகின்றேன். சத்தியம், ஒப்புக்கொள்ளல் முதலாகச் சொல்லின் பொருளை ஒட்டி முடிவாகும் விடயங்களில், அச்சொல்லைச் சொன்னவரின் ஊராராகவோ, அவ்வூர்ப் பேச்சு வழக்கை ஊராரைப் போலவே அறிந்தவராகவோ இல்லாத முப்தி விடை கூறலாகாது என்கின்றார் நவவி. அரபிலே கடலனைய புலமை இருந்தாலும் இங்கே அது போதாது.

மணவிலக்கும் பல வேளைகளிற் சொல்லையே பற்றி நிற்பது. உன் வீட்டாரிடம் போ என்று கணவன் மனைவிக்குக் கூறினால், ஷாபிஈ மரபிலே அது இருபொருள்படும் சொல். அவன் கருதியது மணவிலக்கா அன்றா என்று விசாரிக்க வேண்டும். நம் கிழக்குக் கரையிலே காத்தான்குடியிலும் கல்முனையிலும் என்ன வழக்கம்? வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்குக் குடிவருகின்றான். அங்கே சினங்கொண்டவன் அவளை எந்த வீட்டுக்குப் போகச் சொல்வான்? இனி இந்தப் படி மிதியேன் என்று தானே இறங்கிப் போவான். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு அந்த ஊரிலே என்ன பொருள் என்பதை, கெய்ரோவிலோ றியாதிலோ இருந்து தொலைபேசியில் விடை கூறுபவர் யாரிடம் கேட்டறிவார்?