ஓர் ஊக்கு குறைந்தது

(ராஜபாளையத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில், தையல் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



எங்களைப் பேசச் சொன்னபோது, தைத்து முடித்த போர்வைகளைக் கொண்டுவந்து காட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் முடிந்த போர்வைகளை நீங்கள் பலமுறை பார்த்திருக்கிறீர்கள். அவை முடிவதற்கு முன் நாங்கள் தரையில் முழங்காலிட்டுப் படும் பாட்டை யாரும் பார்த்ததில்லை. அதைத்தான் இன்று சொல்லப்போகிறோம். கடைசியில் ஒரு வேண்டுகோளும் உண்டு. பயப்படாதீர்கள், அது பணத்தைப் பற்றியதல்ல.

நாங்கள் தைக்கும் போர்வைகளில் பெரும்பாலானவை குழந்தைகள் வார்டுக்குப் போகின்றன. மற்றவை, நோயாளிக்குத் துணையாக வந்து இரவில் வராந்தாவில் வெறுந்தரையில் படுக்கும் தாய்மார்களுக்கு.

ஒட்டுத்துணிப் போர்வைக்கு மூன்று அடுக்கு. கீழே முதுகுத் துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ, மேலே சிறு துண்டுகளை இணைத்த மேல்துணி. மூன்றும் ஒன்றாக நிற்கும்படி தையல் ஓட வேண்டும். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்ததும், வங்காளப் பெண்கள் ‘காந்தா’ என்று தைப்பதும் இதே வேலைதான். நாம் சொல்லும் ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

மேல்துணி தைப்பது சந்தோஷமான வேலை. பேச்சும் சிரிப்புமாக முடிந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதலில் பஞ்சில் தவறினோம். ராஜபாளையத்தில் பஞ்சுக்குப் பஞ்சமா? 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இது நூற்பாலைகளின் ஊர். உதிரிப் பஞ்சை வாங்கி நடுவில் பரப்பித் தைத்தோம். புசுபுசுவென்று பார்க்க அழகாக இருந்தது. ஒருமுறை சலவைக்குப் போய் வந்ததும் பஞ்செல்லாம் மூலைக்கு மூலை உருண்டை கட்டிவிட்டது. உதிரிப் பஞ்சு நகராமல் இருக்க இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும். நாங்கள் சாணுக்கு ஒன்று ஓட்டியிருந்தோம். பன்னிரண்டு போர்வைகளையும் மௌனமாக உட்கார்ந்து பிரித்தோம். அதன்பின் நடு அடுக்குக்கு, பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்த பழைய பருத்திச் சேலைகளையே வைக்கிறோம்.

அடுத்தது அடுக்கும் வேலை. தரையைத் துடைத்து, முதுகுத் துணியின் உட்புறம் மேலே தெரியும்படி விரித்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுகிறோம். சுருக்கம் இருக்கக் கூடாது, இழுத்தும் ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி, மேல்துணி சுருங்கிப்போகும். அதன்மேல் நடு அடுக்கு, அதற்கும் மேல் மேல்துணி. தைக்கும்போது துணி உள்வாங்கும் என்பதால், கீழிரண்டும் நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும்.

மின்விசிறியைப் போட்டால் துணி பறக்கிறது, போடாவிட்டால் வியர்வை துணியில் சொட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சகோதரிகள் வந்தால் கூடவே பால்கோவாவும் வரும். அதை வராந்தாவில்தான் திறக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். நெய்க்கறை பட்ட போர்வை ஒன்று எங்களிடம் உண்டு. யாருடைய கை என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு ஊக்கு குத்துவது. 1849ல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் இந்த ஊக்கைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். பதினைந்து டாலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள். அவர் செய்த உபகாரத்துக்கு நாங்கள் நன்றி சொல்வதும் உண்டு, விரலில் குத்தும்போது வேறு ஏதாவது சொல்வதும் உண்டு.

நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்தை நோக்கிக் குத்த வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். குத்தக் குத்த மூடினால் துணி நகரும். ஆகவே எல்லாவற்றையும் குத்திய பிறகுதான் மூடுகிறோம். ஸ்பூன் நுனியால் முனையைத் தூக்கி மூடினால் விரல் தப்பும். குழந்தைகள் போர்வை 40க்கு 60 அங்குலம். நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் 150 ஊக்குகள். அத்தனையும் மூடி, டேப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், முதுகில் ஒரு மடிப்பு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். மறுபடியும் முதலிலிருந்து!

ஒருநாள் இப்படித்தான். போர்வையைத் தைத்து, விளிம்புப் பட்டியும் வைத்து, மறுநாள் அனுப்ப மடித்தாகிவிட்டது. டப்பாவில் ஊக்குகளை எண்ணினால் 149. தரையைக் கூட்டினோம், பாயை உதறினோம், கிடைக்கவில்லை. இரவு மணி எட்டாகிவிட்டது. எங்காவது விழுந்திருக்கும், அனுப்பிவிடலாம் என்றுதான் எங்களில் பலர் சொன்னோம்.

அன்று எங்களோடு அறுவை அரங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் இருந்தார். இங்கே பக்கத்தில் சத்திரப்பட்டியில் காஸ் துணி நெய்கிறார்களே, அந்தத் துணியை அரங்கில் எப்படிக் கையாளுவார்கள் என்று அவர் சொன்னார். அறுவை தொடங்கும் முன் துண்டுகளை எண்ணுவார்கள். காயத்தை மூடும் முன் மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் தேடுவார்கள். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டும். ‘நீங்கள் எண்ணாமலே மூடிவிட்டீர்கள்’ என்றார்.

பட்டியைப் பிரித்தோம். மூன்றாவது மூலையில், மடிப்புக்குள் அந்த ஊக்கு இருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு குழந்தை அந்த மூலையைப் பிடித்து இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் போர்வை ஒரு வாரம் தாமதமாகப் போனது.

ஊக்கே இல்லாமல் தைக்க வழியில்லையா என்றும் தேடினோம். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் ‘கவந்தி’ என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாங்கள் முயன்றோம். எங்கள் போர்வை தோசைபோல் வளைந்துவிட்டது. அது தலைமுறைகளின் கைப்பழக்கம். 1945ல் அமெரிக்காவில் ஆரம்பமான லூத்தரன் வோர்ல்ட் ரிலீஃப் மூலம் சபைப் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் பிற நாடுகளுக்குப் போர்வைகள் அனுப்பி வருகிறார்கள். அவர்களில் பலர் நீளத் தையலுக்குப் பதிலாக, உறுதியான நூலால் இடைவிட்டு முடிச்சுப் போடுகிறார்கள். தாய்மார்களுக்கான பெரிய போர்வைகளில் நாங்களும் இப்போது அப்படியே செய்கிறோம். ஆனாலும் மூன்று அடுக்கையும் சமமாக விரிக்கும் வேலை குறையவில்லை. அதற்குக் குறுக்குவழி இல்லை.

இனி எங்கள் வேண்டுகோள். பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்துக் கொடுங்கள். சிந்தெடிக் சேலைகள் வேண்டாம். அவை வியர்வையை உறிஞ்சாது. பருத்தி சுருங்க, அவை சுருங்காமல் நின்று மேடு பள்ளமாகும். ஆசையோடு கொடுப்பதைத் திருப்பி அனுப்ப எங்களுக்கும் மனம் வருவதில்லை.

அதைவிட முக்கியம், உங்கள் கைகள். தையல் தெரியவேண்டிய அவசியமில்லை. இரண்டு பேராகப் போர்வையை விரித்து ஊக்கு குத்தினால் ஒரு பகல் போய்விடுகிறது. மூலைக்கு ஒருவர் பிடித்து, இருவர் குத்தினால் ஒரு மணி நேரத்தில் முடியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ் ஏறி வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஊக்கு எண்ணலாம். அது சின்ன வேலை அல்ல என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

இப்பொழுதெல்லாம் விளிம்புப் பட்டி வைக்கும் முன்பே எண்ணுகிறோம். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணுகிறார். ஒவ்வொரு போர்வையோடும் ஒரு சின்னச் சீட்டு போகிறது. ‘குத்தியது 150, எடுத்தது 150’ என்று எழுதி, இருவர் கையெழுத்திடுகிறோம். இரண்டாவது கையெழுத்துக்குத்தான் ஆள் போதவில்லை.